நடுங்குகிற கையும் அரை டம்ளர் டீயும்

குடித்துக்கொண்டிருந்த பதினோரு வருடத்தில் என் கை வேலையில் ஒரு நாளும் நடுங்கியதில்லை. காலை ஷிஃப்டுக்குக் கம்பெனி பஸ் ஏறும் முன்பே தொண்ணூறு மில்லி உள்ளே போயிருக்கும். வாயில் ஒரு பாக்கு. பிறகு மதியம்வரை கை கல் மாதிரி நிற்கும். அந்த வருடங்களில் சிறந்த ஆய்வாளர் என்று இரண்டு முறை மேடையேற்றி ஹாட்பாக்ஸ் கொடுத்தார்கள். இரண்டு ஹாட்பாக்ஸும் வீட்டில் இன்னும் இருக்கின்றன. அந்தக் காலத்தில் ஒருவர்கூட என்னைப் பார்த்து, குடித்திருக்கிறாயா என்று கேட்டதில்லை.

குடியை விட்டு முப்பத்தெட்டாம் நாள் கேட்டார்கள். ஓசூர் மார்கழிக் குளிர். பஸ்ஸில் எல்லாரும் குல்லாயும் ஸ்வெட்டருமாக ஒடுங்கிக்கொண்டு வருகிறார்கள்; எனக்கு மட்டும் சட்டை முதுகோடு ஒட்டுகிறது, நெற்றியிலிருந்து வியர்வை சொட்டுகிறது. ஜன்னலைத் திறக்கலாம் என்று கையைத் தூக்கினேன், விரல்கள் தந்தியடித்தன. பக்கத்து சீட்காரன் பார்த்தான். வெல்டிங் பிரிவு, தர்மபுரிக்காரன், நல்ல பையன்தான்.

"என்னாண்ணா, காலைலயே போட்டாச்சா?" என்றான்.

எனக்கு வந்த கோபத்துக்கு அவனை ஜன்னல் வழியாகத் தள்ளியிருப்பேன். ஆனால் அவன்மேல் என்ன தப்பு? நடுங்குகிறவன் குடிகாரன், நிற்கிறவன் யோக்கியன். ஊர் கண்ணுக்குத் தெரிந்த கணக்கு அவ்வளவுதான். நான் குடித்தபோது என்னை நம்பினார்கள், விட்டபோது சந்தேகப்படுகிறார்கள். இந்த வயிற்றெரிச்சலை யாரிடம் போய்ச் சொல்வது?

ஏன் விட்டாய் என்று கேட்பவர்கள் ஒரு கதையை எதிர்பார்க்கிறார்கள். ரத்த வாந்தி எடுத்தேன், ரோட்டில் கிடந்தேன், பிள்ளை காலைப் பிடித்து அழுதது என்று ஏதாவது. அப்படி ஒன்றும் இல்லை. என் மனைவி ஒரு பழக்கம் வைத்திருந்தாள். நான் வேலை முடிந்து வந்ததும் வாசலிலேயே நிறுத்தி, வாயருகே முகத்தைக் கொண்டுவந்து மோந்து பார்ப்பாள், பிறகு திட்டுவாள். அவள் பேரிகைப் பக்கம். சாதாரணமாகத் தமிழ், கோபம் வந்தால் தெலுங்கு. ஒரு நாள் நான் வாசலில் நின்று முகத்தைக் காட்டினேன். அவள் மோந்து பார்க்கவில்லை, திட்டவுமில்லை. தக்காளி நறுக்கிக்கொண்டே, "சோறு இருக்குது, போட்டுக்கோங்க" என்றாள். தெலுங்கு வராதது எனக்குப் பயமாக இருந்தது. மறுவாரம் கிருஷ்ணகிரியில் ஒரு ஆஸ்பத்திரியில் நானே போய்ப் படுத்தேன்.

பத்து நாள் வைத்திருந்தார்கள். வீட்டிலேயே சட்டென்று நிறுத்தியிருந்தால் வலிப்பு வந்து ஆளே போயிருப்பீர்கள் என்று டாக்டர் சொன்னார். ஊசி, மாத்திரை, குளுக்கோஸ் எல்லாம் முடிந்து வெளியே வந்தபோது நோய் முடிந்தது என்றுதான் நினைத்தேன். அங்கேதான் ஆரம்பம் என்று எனக்கு யாரும் புரியும்படி சொல்லவில்லை. சொல்லியிருப்பார்கள், என் காதில் ஏறியிருக்காது.

கை நடுங்கியது. குளிரில் வியர்த்தது. இரண்டு பாதமும் மிளகாய் அரைத்துப் பூசியதுபோல் எரிந்தன. அதே பாதத்தில் செருப்பு கழன்று போனாலும் தெரியாது. ஒரு முறை கெலவரப்பள்ளி அணைப் பக்கம் காலாற நடந்துவிட்டு வீடு திரும்பியபோது ஒரு கால் வெறுங்காலாக இருந்தது. செருப்பைத் தேடி மறுபடி அவ்வளவு தூரம் நடந்தேன். தூக்கம் வந்தால் இரண்டு மணி நேரம், அதுவும் குடிக்கிற கனவு. போதாததற்கு இனிப்பு வெறி. பிறந்ததிலிருந்து காரத்தில் வளர்ந்த விருதுநகர் பக்கத்து ஆள் நான். கடலை மிட்டாயை யூனிஃபார்ம் பையில் திணித்துக்கொண்டு அலைந்தேன். பையில் எறும்பு குடியேறியது. ஒரு நாள் என் சட்டையிலிருந்து ஒரு எறும்பு இறங்கி, நான் ஷாஃப்ட் அளக்கும் மேஜையில், தூசியே படக் கூடாத கிரானைட் பலகைமேல் நிதானமாக நடந்து போனதை எங்கள் குவாலிட்டி இன்ஜினியர் மேடம் பார்த்துவிட்டாள்.

மறுபடி டாக்டரிடம் போனேன். விட்டவனுக்கு ஏன் இதெல்லாம் என்று சண்டை போடுவதுபோல் கேட்டேன்.

"பதினோரு வருஷமா நரம்பை அமுக்கி வச்சிருந்தீங்க. இப்ப கையை எடுத்துட்டீங்க, அது துள்ளுது," என்றார். "இது நோய் திரும்பறது இல்ல. ஒடம்பு பழையபடி ஆவறதுக்குப் படற பாடு."

"எத்தனை நாளாகும்?"

"மாசக்கணக்குல ஆவும். கால் எரிச்சல் கடைசியாத்தான் போவும். முழுசாப் போவுமான்னு இப்ப நான் சொல்ல முடியாது. மாத்திரைய விடாதீங்க, சாப்பாட்ட விடாதீங்க."

பொய் சொல்லாத டாக்டர். அன்றைக்கு அவர்மேலும் கோபமாகத்தான் இருந்தது.

என் வேலையைச் சொல்ல வேண்டும். கம்பெனியில் கியர் ஷாஃப்ட், அதாவது கியர் பூட்டும் இரும்புத் தண்டு, செய்கிறோம். கடைந்து, சாணை பிடித்து வரும் ஷாஃப்டின் தடிமனை மைக்ரோமீட்டரால் அளந்து, சரி என்றால் ஒரு தட்டில், தப்பு என்றால் சிவப்புத் தட்டில் வைக்க வேண்டும். பதின்மூன்று மைக்ரான் வரைக்கும் ஏற இறங்க விடலாம். ஒரு தலைமுடியின் தடிமனில் ஐந்தில் ஒரு பங்குகூட வராது. மைக்ரோமீட்டரின் இரண்டு முகங்களுக்கு நடுவே ஷாஃப்டைக் கொடுத்துத் திருக வேண்டும். கொஞ்சம் கூட இறுக்கினால் அளவு குறையும், தளர விட்டால் கூடும். பதினெட்டு வருடமாக அந்த மேஜைதான் எனக்கு. சொந்த ஊரில் என்னை யாருக்கும் அடையாளம் தெரியாது. இந்த ஷெட்டில், "அளவு மேஜை அண்ணன்" என்றால் எல்லாருக்கும் தெரியும்.

முதல் அடி துருவாக வந்தது. வாடிக்கையாளர் கம்பெனியிலிருந்து ஒரு தட்டு ஷாஃப்ட் திரும்பி வந்தது. பளபளவென்ற இரும்பில் பழுப்பாகக் கட்டைவிரல் ரேகை. வியர்த்த கையால் தொட்டால் இரண்டே நாளில் தொட்ட இடம் துருப்பிடிக்கும். ஏழு ஷாஃப்டில் ஒரே ரேகை. மேடம் அதை என் மேஜைமேல் வைத்தாள். வயதில் என்னைவிட மிகவும் சின்னவள், என்னை அண்ணா என்பாள், ஆனால் வேலையில் விட்டுக்கொடுக்க மாட்டாள்.

"இது யாருதுண்ணா?"

என் கட்டைவிரலை அந்த ரேகை பக்கத்தில் வைத்துக் காட்டினேன். "என்னுதுதான் மேடம். இனிமே கிளவுஸ் போடுறேன்."

"கிளவுஸ் போட்டா வியர்வை நிக்கும். நடுக்கம்?" குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அண்ணா, எல்லாரும் பேசறாங்க. நான் கேக்கல. கொஞ்ச நாள் பேக்கிங்ல இருங்க. ஒடம்பு சரியானதும் வாங்க."

பேக்கிங் கேவலமான வேலை இல்லை. அங்கே நல்ல மனிதர்கள் இருக்கிறார்கள். ஆனால் கொஞ்ச நாள் என்று பேக்கிங்குக்குப் போன யாரும் எங்கள் ஷெட்டுக்குத் திரும்பி வந்ததை நான் பார்த்ததில்லை. அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருந்தது. அந்த மேஜை போனால் நான் குடிப்பேன். இது மிரட்டல் இல்லை. எனக்கு என்னைத் தெரியும். அட்டைப் பெட்டிக்கு டேப் ஒட்டிக்கொண்டு, விட்டதற்கு இதுதான் பரிசா என்று முதல் நாள் நினைப்பேன். இரண்டாம் நாள் அத்திப்பள்ளி பஸ் ஏறுவேன். கர்நாடக எல்லையைத் தாண்டினால் சரக்குக் கடை. நடுங்கும் கை எனக்குப் பிரச்சினை இல்லை, மேஜையை இழந்த கைதான் பிரச்சினை.

"வாற திங்கக்கிழமை ஆர் அண்ட் ஆர் இருக்குல்ல மேடம்? நானும் உக்காருறேன். அதுல விழுந்தா நானே பேக்கிங்குக்குப் போறேன். யாரும் சொல்ல வேண்டியதில்ல," என்றேன்.

ஆர் அண்ட் ஆர் என்பது வருடத்துக்கு ஒரு முறை நடக்கும் சோதனை. அளக்கப்படுவது ஷாஃப்ட் இல்லை, அளக்கிற ஆள். பத்து ஷாஃப்ட், மூன்று ஆய்வாளர்கள். ஒவ்வொருவரும் அந்தப் பத்தையும் மூன்று சுற்று அளக்க வேண்டும். எந்த ஷாஃப்ட் எது என்று தெரியாமல் எண்ணை மறைத்து, கலைத்துக் கலைத்துக் கொடுக்க வேண்டும் என்பது விதி. ஒரே ஷாஃப்டுக்கு மூன்று முறையும் கிட்டத்தட்ட ஒரே அளவைச் சொல்கிறவன் பாஸ். மேடம் என்னையே பார்த்தாள். "சரிண்ணா, உக்காருங்க" என்றாள். அவள் முகத்தில் நம்பிக்கை இல்லை, இரக்கம்தான் இருந்தது. எனக்கு அது அறவே பிடிக்கவில்லை.

மேஜையில் எனக்கு எதிரே உட்கார்வது சேலத்து அண்ணன். என்னைவிட நாலு வருடம் சீனியர். மைக்ரோமீட்டரின் கடைசியில் ராட்செட் என்று ஒரு சின்னத் திருகு உண்டு. அதைப் பிடித்துத் திருப்பினால் அழுத்தம் போதுமானதும் டிக் டிக் டிக் என்று வழுக்கிவிடும், அதற்குமேல் இறுக்காது. சேலத்து அண்ணன் ராட்செட்டைத் தொட்டு நான் பார்த்ததே கிடையாது. மைக்ரோமீட்டரின் உருளையைப் பிடித்து நேராகத் திருகுவார். "நமக்குக் கையிலயே பதம் இருக்குது, அந்த டிக்கு டிக்கெல்லாம் டிரெய்னிக்கு" என்பார். நானும் அவரைப் பார்த்து அப்படியே பழகியவன்தான். இருவரும் அதில் பெருமை வேறு பட்டுக்கொண்டோம்.

டீ நேரத்தில் என்னைச் சுற்றி ஒரு கேலி நடக்கும். கேண்டீனில் எவர்சில்வர் டம்ளர், விளிம்புவரை ஊற்றுவார்கள். நான் தூக்கினால் மேஜையெல்லாம் டீ. "அண்ணன் கச்சேரி ஆரம்பிச்சிட்டாரு" என்று யாராவது தாளம் தட்டுவார்கள். அதனால் டீ ஊற்றுகிறவரிடம் அரை டம்ளர் போதும் என்று கேட்க ஆரம்பித்திருந்தேன். சுகர் வந்துவிட்டது, டீயைக் குறைக்கிறேன் என்று ஒரு பொய். அரை டம்ளரையும் இரண்டு கையால் பிடித்து, சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு குடிப்பேன். குடியைக்கூட நான் இப்படி ஒளிந்து குடித்ததில்லை.

வியாழக்கிழமை சேலத்து அண்ணன் லாக்கர் ரூமில் என்னைத் தனியாக நிறுத்தினார். அவருக்கும் குடி உண்டு, ஆனால் ஷிஃப்ட் முடிந்துதான். பாகலூரில் வீடு, சாயங்காலம் அப்படியே எல்லையைத் தாண்டி ஒரு சுற்று. பையிலிருந்து ஒரு பாக்கெட் எடுத்து என் கையில் திணித்தார். ஜூஸ் பாக்கெட் மாதிரி அட்டைப் பாக்கெட், தொண்ணூறு மில்லி, கர்நாடகச் சரக்கு.

"கேளுடா. திங்கக்கெழம காலைல இத மட்டும் போட்டுக்க. கை கல்லாட்டம் நிக்கும். டெஸ்ட்டு முடிஞ்சதும் மறுபடி விட்டுடு. ஒரே ஒரு நாளு. உன்ன பேக்கிங்குக்கு அனுப்பிட்டு நான் அந்த மேஜையில யார்கூட உக்கார்றது?"

அவர் சொன்னது பொய்யில்லை என்பதுதான் கஷ்டம். தொண்ணூறு மில்லி போதும். கால் மணி நேரத்தில் நடுக்கம், வியர்வை எல்லாம் போய்விடும், பாஸாகிவிடுவேன். அந்த மனிதர் என் நல்லதுக்குத்தான் கொடுத்தார், அதையும் சொல்லிவிட வேண்டும். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. தூக்கிப் போடவுமில்லை. குலுக்கிப் பார்த்தேன், உள்ளே சளக் சளக் என்றது, வாயில் எச்சில் ஊறியது. சட்டைக்குள் செருகிக்கொண்டு மேஜைக்கு வந்தேன். யார் கண்ணிலும் படாமல் வைக்க வேண்டுமே என்று, வருடக்கணக்கில் திறக்காத கடைசி டிராயரை இழுத்தேன்.

டிராயருக்குள் எண்ணெய்க் காகிதத்தில் சுற்றிய ஒரு பொருள் கிடந்தது. பிரித்தேன். மைக்ரோமீட்டர் ஸ்டாண்ட். இரும்பு அடித்தளம், மேலே மைக்ரோமீட்டரைக் கவ்விக்கொள்ளும் தாடை. மைக்ரோமீட்டரைக் கையில் பிடிக்காமல் இதில் பூட்டி அளக்க வேண்டும், அதற்காகத்தான் செய்திருக்கிறார்கள். வாங்கிய நாளிலிருந்து நானோ சேலத்து அண்ணனோ அதை வெளியே எடுத்ததில்லை. பழகாத பயல்களுக்கான சாமான் என்று உள்ளே தள்ளிவிட்டோம்.

நிமிர்ந்து பார்த்தால் எதிர்ச் சுவரில் வேலைமுறைத் தாள். பிளாஸ்டிக் உறை போட்டது. எத்தனையோ வருடத்துக்கு முன் ஒரு ஆடிட்டுக்காக நானே ஒட்டியது. ஒட்டியபோது படிக்கவில்லை. இப்போது படித்தேன். மைக்ரோமீட்டரை ஸ்டாண்டில் பொருத்தவும். ராட்செட்டை மட்டும் திருப்பவும். மூன்று முறை சத்தம் வந்ததும் அளவைப் படிக்கவும். சுத்தமான தமிழில், பெரிய எழுத்தில், என் தலைக்கு நேரே இவ்வளவு காலம் தொங்கியிருக்கிறது. எனக்கு என்மேலேயே சிரிப்பு வந்தது.

பாக்கெட்டை டிராயரில் போட்டேன், ஸ்டாண்டை வெளியே எடுத்தேன்.

அன்றும் மறுநாளும் சனிக்கிழமையும் சாப்பாட்டு நேரம் முழுக்கப் பழகினேன். இடது கையில் ஷாஃப்ட், வலது கையில் ராட்செட். முதல் நாள் அளவுகள் இஷ்டத்துக்கு ஓடின. ஷாஃப்ட் இரண்டு முகத்துக்கும் நடுவே நிலைகொள்ளாமல் ஆடியது. பல்லைக் கடித்தேன், ஆட்டம் கூடியது. மணிக்கட்டுக்குக் கீழே பனியன் துணியை மடித்து வைத்து, இரண்டு முழங்கையையும் மேஜையோடு அழுத்தினேன், கொஞ்சம் அடங்கியது. அப்போது ஒன்று பிடிபட்டது. முகங்கள் ஷாஃப்டைக் கவ்வும்வரைதான் என் கை ஆடும். முதல் டிக்கில் கவ்வும். இரண்டாவதில் ஷாஃப்ட் தானாக நேராகும். மூன்றாவதில் என் கை ஆடினாலும் ஆடாவிட்டாலும் அழுத்தம் ஒன்றுதான். கை நடுங்கக் கூடாது என்று அந்தத் தாளில் எங்கேயும் எழுதவில்லை. சனிக்கிழமை ஒரே ஷாஃப்டைப் பத்து முறை அளந்தேன். ஒரு மைக்ரான்தான் இப்படி அப்படி.

சேலத்து அண்ணன் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். "ஏண்டா, உனக்கு என்னாத்துக்கு இந்தத் தலையெழுத்து? ஸ்டாண்ட் வச்சு அளக்க நீ நேத்து சேந்த பயலா?"

"ஆமாண்ணே. நாப்பது நாளாச்சு சேந்து," என்றேன்.

திங்கட்கிழமை உடம்பு என்னைக் கைவிட்டது. ஞாயிறு முழுக்கத் தூக்கமில்லை. பாதம் எரிச்சலில் ஷூவுக்குள் நிற்கவில்லை. மேஜைக்கு வந்து பார்த்தால் கை அதுவரை இல்லாத ஆட்டம் ஆடுகிறது. ஸ்டாண்டில் மைக்ரோமீட்டரைப் பூட்டவே மூன்று முறை முயன்றேன். சோதனைக்குக் கால் மணி நேரம் இருந்தது. கடைசி டிராயரைத் திறந்தேன். பாக்கெட் அங்கேயே, நான் போட்ட பக்கமாகவே கிடந்தது. கால் மணி நேரம் சரியாகப் போதும். எடுத்துக்கொண்டு கழுவுமிடத்துக்குப் போனேன்.

குடிக்கப் போனேனா, கொட்டப் போனேனா என்று கேட்டால் நேர்மையான பதில் எனக்குத் தெரியாது என்பதுதான். மூலையைப் பல்லால் கிழித்தேன். வாசனை மூக்கில் ஏறியது. இதைக் குடித்துப் பாஸானால் பாஸானது யார் என்று ஒரு கேள்வி வந்தது. அடுத்த வருடமும் இதே சோதனை வரும், அப்போதும் ஒரே ஒரு நாள் என்பேன். அந்த ஒரே ஒரு நாள்களைச் சேர்த்துத்தான் பதினோரு வருடம் ஆனது. போடா மயிரு என்று வாய்விட்டே சொன்னேன். யாரைச் சொன்னேனோ. பாக்கெட்டைத் தலைகீழாகப் பிடித்து வாஷ்பேசினில் ஊற்றினேன். கை ஆடியதில் பாதி என் விரலிலும் ஸ்லீவிலும் சிந்தியது.

சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தேன். ஸ்லீவை மறந்துவிட்டேன். மேடம் தட்டில் பத்து ஷாஃப்டை எடுத்துக்கொண்டு எதிரே வந்து உட்கார்ந்தாள். மூச்சை இழுத்தாள். பேனாவை மூடி வைத்தாள்.

"அண்ணா," என்றாள். சேலத்து அண்ணன் தரையைப் பார்த்தார்.

சமாளிக்க எத்தனையோ பொய் தெரியும் எனக்கு. பதினோரு வருடம் அதில் பழகியவன். ஒன்றும் வேண்டாம் என்று எழுந்து நின்றேன்.

"மேடம், ஒரு பாக்கெட் வச்சிருந்தேன். இப்பத்தான் பேசின்ல ஊத்திட்டு வாரேன். சட்டையில சிந்திருச்சு. வாயில ஒரு சொட்டு போகல. கேட்ல லாரி டிரைவருக்கு ஊதுற மெஷின் இருக்கில்ல, வாங்க, ஊதுறேன். எல்லார் முன்னாடியும் ஊதுறேன்."

கம்பெனிக்குள் சரக்கு கொண்டுவந்தால் வேலையே போகும். அது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். யார் கொடுத்தது என்று கேட்டாள். அதை மட்டும் கேட்காதீர்கள் என்றேன்.

கேட் வரைக்கும் நடந்தோம். ஷெட்டே வேலையை விட்டுவிட்டுப் பார்த்தது. குடித்த காலத்தில் அந்த மெஷின் இருக்கும் பக்கம் தலை வைத்தும் படுக்காதவன், இன்று வாங்கி வாயில் வைத்துக் கன்னம் உப்ப ஊதினேன். செக்யூரிட்டி பார்த்துவிட்டு, மெஷின் ரிப்பேரோ என்று இன்னொரு முறை ஊதச் சொன்னார். ஊதினேன். சைபர். மறுபடியும் சைபர்.

திரும்பி வரும் வழியில் மேடம் என் பக்கம் பார்க்காமலே சொன்னாள். "பாக்கெட்டு எதையும் நான் பாக்கல. மெஷின்ல சைபர்னு பாத்தேன். எனக்கு அவ்வளவுதான் தெரியும். சட்டைய மாத்திட்டு வந்து உக்காருங்கண்ணா."

உட்கார்ந்தேன். நடுக்கம் அப்படியேதான் இருந்தது. அவள் ஒவ்வொரு ஷாஃப்டாக நீட்ட, முழங்கையை மேஜையில் ஊன்றி, ராட்செட்டைத் திருப்பி, மூன்று டிக் கேட்டு, அளவைச் சொன்னேன். மூன்று சுற்று, முப்பது முறை. நடுவில் ஒரு ஷாஃப்ட் கை தவறி மேஜையில் உருண்டது. பின்னால் யாரோ உச்சுக்கொட்டினார்கள். எடுத்துத் துடைத்து மறுபடி வைத்தேன். எனக்கு அவசரமில்லை. அடுத்து சேலத்து அண்ணன் உட்கார்ந்தார். ஸ்டாண்ட் போட்டுக்கங்கண்ணா என்று மேடம் சொன்னதற்கு, இருபத்திரெண்டு வருஷத்துக் கையம்மா இது என்று சிரித்துவிட்டு, வழக்கம்போலக் கையில் பிடித்துத் திருகினார். அவர் கை ஒரு துளி ஆடவில்லை. பார்க்க அழகாக இருந்தது. மூன்றாவதாகப் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் அளந்தாள்.

அன்று சாயங்காலம் வீட்டு வாசலில் நின்று, நடந்ததை எல்லாம் மனைவியிடம் சொன்னேன், பாக்கெட்டைக் குலுக்கிப் பார்த்தது உட்பட. அவள் கிட்டே வந்து வாயை மோந்து பார்த்தாள். நாற்பது நாளுக்கு மேலாகி முதல் முறை. பிறகு தெலுங்கில் திட்ட ஆரம்பித்தாள். அந்தப் பாக்கெட்டை நாலு நாள் எதற்கு வைத்திருந்தாய் என்று நிறுத்தாமல் திட்டினாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. சந்தோஷத்தில்தான்.

மறுநாள் மேடம் தாளைக் கொண்டுவந்தாள். என் அளவுகள் ஒரே ஷாஃப்டுக்கு ஒரு மைக்ரான், அதிகம் போனால் இரண்டு. புதுப்பெண்ணுக்கும் அப்படியே, அவளும் ஸ்டாண்டும் ராட்செட்டுமாக அளந்தவள். சேலத்து அண்ணனுக்கு ஐந்து, ஆறு. ஒரு ஷாஃப்டில் ஏழு. அவர் தாளை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவரால் நம்ப முடியவில்லை. எனக்கும்தான் முடியவில்லை. போன வருடங்களில் நாங்கள் இருவரும் பாஸானது எப்படி என்று மேடம் கேட்கவில்லை. அப்போதெல்லாம் எண்ணை மறைக்க மாட்டார்கள். முதல் சுற்றில் சொன்னதை ஞாபகம் வைத்து அடுத்த இரண்டு சுற்றிலும் சொல்வோம். எங்கள் கைப்பதம் என்பது அவ்வளவுதான். இந்தத் தடவை ஸ்டிக்கர் ஒட்டி மறைத்தவள் அவள்தான்.

"இனிமே மூணு பேரும் ஸ்டாண்ட்ல. அண்ணா, நீங்கதான் சேலத்து அண்ணாவுக்குச் சொல்லித் தரணும்," என்று என்னைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனாள். பேக்கிங் பேச்சை அவள் எடுக்கவில்லை.

சேலத்து அண்ணன் வெகுநேரம் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் குனிந்தார்.

"அந்தப் பாக்கெட்ட நெசமாவே ஊத்திட்டியா?"

"ஊத்திட்டேண்ணே."

"எங்கிட்ட திருப்பிக் குடுத்திருக்கலாமில்ல?" என்றார். விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று சிரிக்கத் திரும்பினேன். அவர் சிரிக்கவில்லை.

டீ மணி அடித்தது. இருவரும் கேண்டீனுக்கு நடந்தோம். டீ ஊற்றுகிறவர் என்னைப் பார்த்ததும் பழக்கத்தில் பாதியோடு நிறுத்தி டம்ளரை நீட்டினார்.

"ஃபுல்லா ஊத்துங்க," என்றேன்.

"சுகருன்னு சொன்னீங்களேண்ணா?"

"பொய். குடிய விட்டிருக்கேன், கை நடுங்குது. அதான் பாதி கேட்டேன். ஊத்துங்க."

ஊற்றினார். விளிம்பு தளும்பும் டம்ளரை ஒரே கையால் எடுத்தேன். மேஜைக்குப் போவதற்குள் கால்வாசி சிந்திவிட்டது. மணிக்கட்டில் சுட்டது, சட்டையில் கோடு விழுந்தது. யாரோ பழையபடி தாளம் தட்ட ஆரம்பித்தார்கள். நான் சுவர்ப்பக்கம் திரும்பவில்லை. எல்லாரையும் பார்த்தபடி உட்கார்ந்து, மிச்சமிருந்ததைக் குடித்தேன்.